முகவரி கிடைத்த பிறகு: டோக்கியோவில் குடியேறும் அயல்நாட்டார்

டோக்கியோவில் வேலை பார்த்துவிட்டு வந்தவர்களிடம் கேட்டால் பெரும்பாலும் ஒரே பட்டியல்தான் கிடைக்கும். மொழி புரியவில்லை, சைவச் சாப்பாட்டுக்கு வழியில்லை, ரயிலில் யாரும் யாரிடமும் பேசுவதில்லை, பக்கத்து வீட்டுக்காரர் பெயர் கடைசிவரை தெரியவில்லை. இவை எல்லாவற்றையும் பண்பாட்டு வேறுபாடு என்று ஒரே மூட்டையாகக் கட்டிவிடுவது வழக்கமாகிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடில்லை. அங்கே குடியேறுகிறவர்களின் அன்றாடத்தைக் கிட்டே போய்ப் பார்த்தால், பண்பாட்டின் மேல் போடும் பழியில் பெரும்பகுதி ஏற்பாடுகளின் மேல் போட வேண்டியது என்று புரியும். சட்டமோ விதியோ மாறிய இடங்களில் வாழ்க்கை கண்கூடாக இலகுவாகியிருக்கிறது. மாறாத இடங்களில்தான் இன்றும் முட்டுகிறது.

2024 இறுதியில் ஜப்பானில் வசித்த அயல்நாட்டார் சுமார் 37.7 லட்சம் பேர். அவர்களில் ஏழு லட்சத்துக்கு மேற்பட்டோர் டோக்கியோவில் இருக்கிறார்கள். ஷின்-ஒகுபோவில் கொரியர்களும் நேபாளியரும், இகெபுகுரோ நிலையத்தின் வடக்கு வாசலில் சீனர்கள், தகதனோபாபாவில் மியான்மர் மக்கள், எதோகாவா வார்டின் நிஷி-கசாயில் இந்தியர்கள் என்று ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு ரயில் நிலையம் உண்டு. நாடு முழுவதும் சேர்த்து இந்தியர் தொகை 50,000-ஐத் தாண்டிவிட்டது. சீனர், வியட்நாமியரோடு ஒப்பிட்டால் இது சிறிய எண்தான். ஆனால் இந்தியர்களில் பெரும்பங்கினர் கணினித் துறைக்காரர்கள், குடும்பத்தோடு வருகிறவர்கள். அதனால் குடியேற்றத்தின் எல்லாச் சிக்கல்களும் அவர்கள் வீட்டுக்குள் ஒருசேரத் தெரிகின்றன.

விமான நிலையத்திலேயே கையில் தரும் வசிப்பு அட்டையின் பின்பக்கம் காலியாக இருக்கும். தங்கும் இடம் முடிவானதும் 14 நாட்களுக்குள் வார்டு அலுவலகத்துக்குப் போக வேண்டும். நம்மவர்கள் பேச்சில் அது ‘வார்டு ஆபீஸ்’. வரிசை எண் சீட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தால், முறை வந்ததும் அலுவலர் அட்டையை வாங்கி அந்தக் காலி இடத்தில் முகவரியைப் பதித்துத் தருவார். இந்த ஒரு வரியில்தான் எல்லாம் தொங்குகிறது. மருத்துவக் காப்பீடு, 12 இலக்க அடையாள எண், குழந்தைகளுக்கான மாதப்படி, தடுப்பூசிச் சீட்டு எல்லாம் இதற்குப் பிறகே. அயல்நாட்டாருக்கு இது எப்போதும் இப்படி இருந்ததில்லை. 2012 ஜூலைவரை அவர்களுக்கென்று தனிப் பதிவேடு இருந்தது. குடிமக்களின் வசிப்புப் பதிவேட்டில் அவர்களுக்கு இடமில்லை. ஜப்பானியப் பெண்ணை மணந்து இருபது ஆண்டுகள் அங்கேயே வாழ்ந்தவர்கூட வீட்டுச் சான்றிதழில் குடும்ப உறுப்பினராக வரமாட்டார். சட்டம் மாறியதும் எல்லோரும் ஒரே பதிவேட்டுக்கு வந்தார்கள். பழைய குடியேறிகளிடம் பேசினால் அந்த மாற்றத்தை அவர்கள் எவ்வளவு பெரிதாக எண்ணுகிறார்கள் என்று தெரியும்.

முகவரி வந்த பிறகும் ஒரு சுற்று இருக்கிறது. கைபேசி இணைப்புக்கு வங்கிக் கணக்கு கேட்பார்கள். வங்கியில் கைபேசி எண் கேட்பார்கள். நாட்டுக்குள் வந்து ஆறு மாதம் ஆகாதவர்களுக்கு முழுமையான கணக்கு தரப் பல வங்கிகள் தயங்குகின்றன. நிறுவனம் கூடவே ஒருவரை அனுப்பினால் இரண்டும் ஒரு பகலில் முடிந்துவிடும். தனியாகப் போகும் மாணவருக்கோ வாரக்கணக்கில் இழுக்கும்.

தமிழர்களுக்கு இங்கே கூடுதலாக ஒரு தொல்லை: பெயர். ஜப்பானியப் படிவம் குடும்பப் பெயரை முதலில் கேட்கிறது. நமக்கு அது கிடையாது. கடவுச்சீட்டில் அந்தக் கட்டத்தில் அப்பா பெயர் இருக்கும், அல்லது ஒன்றுமே இருக்காது. மருத்துவமனையில் ‘ராமசாமி-சான்’ என்று கூப்பிட்டால், ஊரில் இருக்கும் அப்பாவின் பெயருக்கு மகன் எழுந்து போக வேண்டும். அந்த மகனின் மனைவியின் குடும்பப் பெயர்க் கட்டத்தில் கணவர் பெயர், குழந்தையின் கட்டத்திலும் அவர் பெயர், அவருடைய கட்டத்தில் மட்டும் வேறு பெயர். திருமணமானால் கணவனும் மனைவியும் ஒரே குடும்பப் பெயரை வைத்தாக வேண்டும் என்று தங்கள் குடிமக்களுக்குச் சட்டம் போட்டிருக்கும் நாட்டில், ஒரே வீட்டில் இரண்டு குடும்பப் பெயர்களைப் பார்க்கும் அலுவலர் இவர்கள் உறவினர்கள்தானா என்று கேட்பதில் வியப்பில்லை. திருமணச் சான்றிதழையும் பிறப்புச் சான்றிதழையும் மொழிபெயர்ப்போடு எப்போதும் கையில் வைத்திருங்கள் என்பதுதான் அங்கே மூத்தவர்கள் புதியவர்களுக்குச் சொல்லும் முதல் புத்திமதி.

இனி வீடு. இந்தக் கேள்வியில் நான் அதிக நேரம் நிற்க வேண்டியிருக்கிறது, ஏனென்றால் டோக்கியோ வந்தவரை ஏற்கிறதா இல்லையா என்பது இங்கேதான் முடிவாகிறது.

வீட்டுத் தரகு அலுவலகத்தில் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் தாள்களில் நீங்கள் ஒன்றைக் காட்டுவீர்கள். முகவர் இளைஞர், மிகவும் பணிவானவர். தாளை எடுத்து வைத்துக்கொண்டு, வீட்டை நிர்வகிக்கும் நிறுவனத்துக்கு உங்கள் எதிரிலேயே தொலைபேசியில் பேசுவார். முதலில் வீடு காலியாக இருக்கிறதா என்று கேட்பார். அடுத்து, வருகிறவர் அயல்நாட்டார் என்பார். எந்த நிறுவனம், எவ்வளவு சம்பளம், ஜப்பானிய மொழி பேசுவாரா என்று மறுமுனை கேட்கும். பிறகு முகவர் கொஞ்ச நேரம் ‘ஹாய், ஹாய்’ (ஆமாம், ஆமாம்) என்று மட்டும் சொல்லிக்கொண்டிருப்பார். தொலைபேசியை வைத்துவிட்டு மன்னிப்புக் கேட்டுக்கொண்டே அந்தத் தாளைக் கவிழ்த்து வைப்பார். அடுத்த தாளை எடுப்பார். ஒரு பிற்பகலில் நான்கைந்து தாள்கள் இப்படிக் கவிழ்வதைப் பார்த்தவர்கள் ஏராளம்.

இது மனப்பிரமை இல்லை. ஜப்பான் நீதி அமைச்சகம் 2017-இல் வெளியிட்ட ஆய்வு, அயல்நாட்டாரிடம் பாகுபாடு பற்றி நாடளாவிய அளவில் நேரடியாகக் கேட்ட முதல் ஆய்வு. முந்தைய ஐந்தாண்டுகளில் வீடு தேடியவர்களில் 39.3 சதவீதத்தினர், அயல்நாட்டார் என்பதால் தங்களுக்கு வீடு மறுக்கப்பட்டது என்றார்கள். ஜப்பானியர் ஒருவர் ஜாமீன் நிற்காததால் மறுக்கப்பட்டவர்கள் 41.2 சதவீதம். வெளியார் வேண்டாம் என்ற அறிவிப்பைப் பார்த்துத் தாங்களே விலகியவர்கள் 26.8 சதவீதம். தனியார் வீட்டுக்காரர் இப்படி மறுப்பதைத் தடுக்கும் பொதுவான சட்டம் அங்கே இல்லை. நீதிமன்றத்துக்குப் போனால் இழப்பீடு கிடைக்கக்கூடும், வீடு கிடைக்காது.

வீட்டுக்காரர்கள் தரப்பில் சொல்லப்படும் காரணங்களையும் பார்க்க வேண்டும். வாடகை பாக்கியோடு சொல்லாமல் ஊருக்குப் போய்விடுவார்கள், ஒரு அறையில் ஐந்து பேர் தங்குவார்கள், எண்ணெயும் மசாலாவும் சுவரில் ஏறிவிடும், குப்பையைப் பிரிக்க மாட்டார்கள். இந்த அச்சங்களில் சில நடந்த சம்பவங்களிலிருந்து வந்தவை. ஆனால் வாடகை பாக்கி பயத்துக்கு ஏற்கெனவே ஒரு விலை வாங்கப்படுகிறது. மாத வாடகை 1,00,000 யென் என்றால், முன்பணம் ஒரு மாதம், வீட்டுக்காரருக்கு ‘நன்றிப் பணம்’ ஒரு மாதம், அது திரும்பி வராது, தரகு ஒரு மாதமும் வரியும், ஜாமீன் நிறுவனத்துக்கு அரை மாதம் முதல் ஒரு மாதம்வரை, முதல் மாத வாடகை, தீக்காப்பீடு, பூட்டு மாற்றும் செலவு. சாவி கைக்கு வருமுன் சுமார் ஐந்து மாத வாடகை போய்விடும். இரண்டு ஆண்டு கழித்து ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க இன்னொரு மாதம். இவ்வளவும் கட்டிவிட்டு உள்ளே போனால் பல வீடுகளில் கூரையில் விளக்குகூட இருக்காது, வெறும் இணைப்புக் குமிழ்தான் இருக்கும். முதல் இரவு கைபேசி வெளிச்சத்தில் கழிவது புதியவர்கள் பலருக்கும் பொதுவான அனுபவம்.

நன்றிப் பணமும் ஜாமீனும் ஜப்பானியருக்கும் உண்டுதானே என்பார்கள். உண்டு. ஆனால் அவர்களுக்குக் கையெழுத்துப் போட அண்ணனோ மாமாவோ இருக்கிறார்கள். அண்மையில் வந்திறங்கியவருக்கு யார் இருக்கிறார்கள்?

இதற்கு நேர்மாறான ஏற்பாடும் அதே நகரத்தில் இருக்கிறது. யூ.ஆர். என்று சுருக்கமாகச் சொல்லப்படும் அரசு சார் நகர வீட்டுவசதி முகமை, நாடெங்கும் சுமார் ஏழு லட்சம் வாடகை வீடுகளை நடத்துகிறது. அங்கே நன்றிப் பணம் இல்லை, தரகு இல்லை, ஜாமீன் இல்லை, புதுப்பிப்புக் கட்டணம் இல்லை. குறைந்தபட்ச வருமானம் ஒன்று கேட்பார்கள். அது இருந்து, உரிய வசிப்பு அனுமதியும் இருந்தால் எந்த நாட்டவரானாலும் வீடு. நிஷி-கசாய் இந்தியர் பேட்டையாக ஆனதற்கு இதுவே முக்கியக் காரணம் என்பேன். 2000-ஆம் ஆண்டையொட்டிய கணினிச் சிக்கலைச் சரிசெய்ய ஜப்பானிய வங்கிகளும் நிறுவனங்களும் இந்தியப் பொறியாளர்களை அழைத்தன. அவர்கள் வேலை செய்த ஒத்தெமாச்சி, நிஹொன்பாஷி, கயாபாச்சோ எல்லாம் தோசாய் தடத்தில் இருக்கின்றன. அதே தடத்தில், வாடகை தாளும் தொலைவில், கடலை மேடாக்கிக் கட்டிய குடியிருப்புகளில் யூ.ஆர். வீடுகள் இருந்தன. ஒருவர் வந்தார், அவரைப் பார்த்து இன்னொருவர் வந்தார். 2000-களின் நடுவில் இந்தியப் பள்ளிகள் திறந்தன, பிறகு மளிகைக் கடைகள். இன்று இட்லி அரிசியும் கறிவேப்பிலையும் நடந்து போய் வாங்கலாம். இந்தியர்கள் கூட்டமாகச் சேர்ந்து வாழும் பழக்கக்காரர்கள் என்று இதைச் சிலர் விளக்குகிறார்கள். கேள்வி கேட்காமல் வீடு கொடுத்த இடத்தில் சேர்ந்தார்கள் என்று விளக்குவதே பொருத்தம். ஜப்பான் அரசும் 2017-இல் வீட்டுவசதிச் சட்டத்தைத் திருத்தியபோது, வீடு கிடைக்கச் சிரமப்படுவோர் பட்டியலில் முதியோர், குறைந்த வருமானத்தினரோடு அயல்நாட்டாரையும் சேர்த்தது. சிக்கல் இருக்கிறது என்பதை அரசே ஒப்புக்கொண்ட அடையாளம் அது.

வீட்டுக்குள் வந்த பிறகு அக்கம்பக்கம். டோக்கியோவில் அக்கம்பக்கத்தோடு உறவு தொடங்கும் இடம் குப்பை வைக்கும் மூலை. எரியும் குப்பைக்கு வாரத்தில் சில நாட்கள், எரியாததற்கு மாதத்தில் ஓரிரு நாட்கள், காகிதம், பாட்டில், டப்பாவுக்குத் தனி நாள். காலை எட்டு மணிக்குள் வைத்தாக வேண்டும். காகம் கிளறாமல் இருக்க மேலே வலையை இழுத்து மூட வேண்டும். பிளாஸ்டிக் பாட்டிலின் மூடியைக் கழற்றி, மேலே சுற்றிய தாளை உரித்து, அலசி, நசுக்கிப் போட வேண்டும். கட்டிலோ அலமாரியோ என்றால் முன்பதிவு செய்து, ‘கொம்பினி’ என்னும் சிறு பல்பொருள் கடையில் கட்டண வில்லை வாங்கி ஒட்டி வைக்க வேண்டும். தவறாகப் பிரித்த பையை வண்டிக்காரர் எடுக்காமல், காரணம் எழுதிய தாளை ஒட்டிவிட்டுப் போய்விடுவார். அந்தப் பை அன்று முழுவதும் அங்கேயே இருக்கும். யாருடையது என்று எல்லோருக்கும் தெரியும்.

அந்த மூலையைக் கூட்டிப் பெருக்குவது பல இடங்களில் அந்தத் தெருவின் சங்கத்தார், பெரும்பாலும் எழுபதைத் தாண்டியவர்கள். அயல்நாட்டார் வீட்டுக் குப்பையால் வரும் கூடுதல் வேலை அந்த முதியவர்கள் தலையில் விழுகிறது. சைத்தாமாவின் கவகுச்சி நகரில், டோக்கியோ எல்லையையொட்டி, ஷிபாஸொனோ என்ற பெரிய யூ.ஆர். குடியிருப்பு இருக்கிறது. அங்கே குடியிருப்போரில் பாதிக்கு மேல் அயல்நாட்டார், அதிலும் பெரும்பாலும் சீனர்கள். குப்பை, சத்தம் என்று தொடங்கிய மனக்கசப்பு, பொது மேசைகளில் சீனர்களை வைது கிறுக்கும் அளவுக்குப் போனது. மாணவர்கள் சிலர் குடியிருப்பு மக்களைச் சேர்த்துக்கொண்டு அந்த மேசைகளை வண்ணக் கைத்தடங்களால் நிரப்பினார்கள். நல்ல காரியம்தான். ஆனால் முதிய ஜப்பானியரும் இளம் சீனக் குடும்பங்களும் ஒரே கட்டடத்தில் வாழப்போகிறார்கள் என்று தெரிந்திருந்தும் அவர்களை அறிமுகப்படுத்தி வைக்கும் வேலையை மாணவர்களின் ஓய்வு நேரத்துக்கு விட்டுவிட்டார்களே என்பதுதான் என் வருத்தம்.

அக்கம்பக்கம் தெரிந்திருப்பது அங்கே உயிர் சம்பந்தப்பட்ட விஷயமும்கூட. 1995 ஜனவரியில் கோபே நகரைத் தாக்கிய நிலநடுக்கத்தில் அயல்நாட்டார் பாதிக்கப்பட்ட விகிதம் ஜப்பானியரைவிட அதிகம். தண்ணீர் எங்கே தருகிறார்கள், எங்கே ஒதுங்கலாம் என்ற அறிவிப்புகள் அவர்களுக்குப் புரியவில்லை. அதன் பிறகுதான், சிறு வாக்கியங்களும் எளிய சொற்களும் கொண்ட எளிய ஜப்பானிய நடையை ஹிரொசாகி பல்கலைக்கழக மொழியியலாளர்கள் உருவாக்கினார்கள். இன்று பல வார்டுகளின் அறிவிப்புகள் அந்த நடையில் வருகின்றன. எதோகாவா வார்டு 2019 மே மாதம் வெளியிட்ட வெள்ள அபாய வரைபடத்தில் தன் நிலப்பரப்பின் மேலேயே ‘இங்கே இருக்கக் கூடாது’ என்று அச்சிட்டிருந்தது. அந்த வார்டின் நிலத்தில் சுமார் 70 சதவீதம் கடல் ஏற்றமட்டத்துக்குக் கீழே இருக்கிறது. பெருவெள்ளம் வந்தால் வேறு ஊருக்குப் போய்விடுங்கள் என்று தன் மக்களுக்கு இவ்வளவு நேராகச் சொன்ன நிர்வாகத்தை நான் பாராட்டுகிறேன். அந்த ஆண்டு அக்டோபரிலேயே ஹகிபிஸ் புயல் வந்தது. நிஷி-கசாயில் குடியேறும் தமிழ்க் குடும்பங்கள் வாடகை ஒப்பந்தத்தைப் படிக்கும் அதே கவனத்தோடு அந்த வரைபடத்தையும் படிக்க வேண்டும்.

மருத்துவத்தில் குறை சொல்ல அதிகம் இல்லை. 1961 முதல் எல்லோருக்கும் காப்பீடு. மூன்று மாதத்துக்கு மேல் தங்கும் அயல்நாட்டாரும் சேர்ந்தாக வேண்டும், சேர்ந்தால் செலவில் 30 சதவீதம் கொடுத்தால் போதும். டோக்கியோவின் 23 வார்டுகளில் 2023 ஏப்ரல் முதல் 18 வயதுவரையிலான பிள்ளைகளுக்கு மருத்துவச் செலவு இலவசம். ஆங்கிலம் பேசும் மருத்துவர் தேடுவது சிரமம், அவ்வளவுதான்.

குடும்பத்துக்குள் மிகவும் அடிபடுகிறவர் மனைவி. கணவரைச் சார்ந்து வருகிறவரின் அனுமதி, தனி இசைவு பெற்றாலும் வாரம் 28 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்ய விடாது. சென்னையில் குழுத் தலைவராக இருந்த பொறியாளர், டோக்கியோவில் குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு மதியம்வரை ஒரு கடையில் நிற்பதைப் பார்க்கலாம். தன் தகுதியிலேயே முழுநேர வேலை கிடைத்து அனுமதியை மாற்றிக்கொண்டால் தப்பிக்கலாம்; அதற்கு மொழி வேண்டும். 2012-இல் தொடங்கிய புள்ளி முறையில் உயர்திறன் பணியாளர் தகுதி பெற்றவரின் மனைவி அல்லது கணவருக்கு இந்தக் கட்டுப்பாடு தளர்கிறது. கணவரின் புள்ளிகளைப் பொறுத்தே மனைவியின் வேலை அமைகிறது என்பது எனக்கு ஏற்க முடியாத ஏற்பாடு. மொழி கற்பிப்பதும் வெகு காலம் சமூகக் கூடங்களில் தொண்டர்கள் கையில்தான் இருந்தது. ஓய்வு பெற்ற ஆசிரியைகள் வாரம் ஒருமுறை சொல்லிக்கொடுப்பார்கள். அவர்களின் பொறுமைக்கு ஈடில்லை, ஆனால் வாரம் ஒன்றரை மணி நேரத்தில் யாரும் ஒரு மொழியைக் கற்றுவிட முடியாது. அரசுக்கும் இதில் பொறுப்பு உண்டு என்று 2019-இல்தான் சட்டம் வந்தது.

பிள்ளைகள் விஷயத்தில் விடுபட்டது இன்னும் கவலைக்குரியது. அயல்நாட்டுப் பிள்ளை அரசுப் பள்ளியில் சேர விரும்பினால் இலவசமாகச் சேர்ப்பார்கள். ஆனால் கட்டாயக் கல்வி குடிமக்களுக்கு மட்டுமே. சேர்க்காவிட்டால் யாரும் வந்து கதவைத் தட்ட வேண்டியதில்லை. கல்வி அமைச்சகம் 2019-இல் முதன்முறையாகக் கணக்கெடுத்தபோது, நாடெங்கும் ஏறத்தாழ 20,000 பிள்ளைகள் பள்ளிக்கே போகாமலோ, போகிறார்களா என்று தெரியாமலோ இருந்தார்கள். இந்தியப் பொறியாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்த ஆபத்து குறைவு. அவர்களுக்கு எந்தப் பள்ளி என்பதுதான் கேள்வி. இந்தியப் பள்ளி என்றால் ஊர் திரும்பும்போது பாடம் தொடரும், அக்கம்பக்கத்துப் பிள்ளைகளோடு பழக்கம் வராது. ஜப்பானியப் பள்ளி என்றால் இரண்டு ஆண்டில் பிள்ளை அப்பா அம்மாவுக்கு மொழிபெயர்த்துக் கொடுக்கும், மூன்றாம் வகுப்புக்குப் பிறகு ஊர்ப் பள்ளிக்குத் திரும்புவது கடினம். ஆகவே எத்தனை ஆண்டு இருக்கப்போகிறோம் என்ற கேள்விக்குப் பிள்ளையின் ஆறாம் வயதிலேயே விடை சொல்லிவிட வேண்டியிருக்கிறது.

இவ்வளவும் வார்டுகள், பள்ளிகள், தொண்டர்கள் தோளில் விழுந்ததற்குக் காரணம் மேலே இருக்கிறது. 2018-இல் உழைப்பாளர்களுக்குப் புதிய வாசலைத் திறக்கும் சட்டத்தைக் கொண்டுவந்தபோதும், இது குடியேற்றக் கொள்கை இல்லை என்றே பிரதமர் ஷின்சோ ஆபே சொன்னார். குடியேற்றம் என்று ஒப்புக்கொள்ளாத வரை, குடியேறியவரை நிலைநிறுத்தும் செலவும் பொறுப்பும் யாருடையது என்ற கேள்வி நாடாளுமன்றத்தில் எழாது. எந்த வார்டில் வீடு கிடைத்தது என்பதைப் பொறுத்து ஒருவரின் வாழ்க்கை மாறுகிறது. 2025 ஜூலை மேலவைத் தேர்தலில் ‘ஜப்பானியர் முதலில்’ என்ற முழக்கத்தோடு சன்செய்தோ கட்சி 14 இடங்களை வென்றபோது, பேசப்பட்டது அயல்நாட்டாரைப் பற்றி. அவர்களுக்கோ உள்ளாட்சித் தேர்தலில்கூட வாக்கு இல்லை. 2019-இல் எதோகாவா வார்டு மன்றத்துக்கு இந்தியாவில் பிறந்த புராணிக் யோகேந்திரா தேர்வானார் என்றால், அதற்கு முன்பே அவர் ஜப்பானியக் குடியுரிமை பெற்றிருந்தார். இந்தியா இரட்டைக் குடியுரிமை தருவதில்லை, ஜப்பானும் ஏற்பதில்லை. வாக்கு வேண்டுமென்றால் கடவுச்சீட்டை விட வேண்டும்.

எனக்குத் தெரிந்த தமிழ்க் குடும்பங்கள் திரும்புவதற்கு மொழியோ உணவோ காரணமாக இருந்ததில்லை. பெரும்பாலும் பெற்றோர்தான் காரணம். சார்ந்து வாழ்வோர் அனுமதி கணவன், மனைவி, பிள்ளைகளுக்கு மட்டுமே, பெற்றோருக்குக் கிடையாது. பிரசவத்துக்கு வரும் அம்மா 90 நாளில் திரும்ப வேண்டும். உயர்திறன் பணியாளருக்கு மட்டும் ஒரு விலக்கு உண்டு. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 80 லட்சம் யென்னுக்கு மேல் இருந்து, மனைவி கருவுற்றிருந்தாலோ ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளை இருந்தாலோ, அதைப் பார்த்துக்கொள்ளப் பெற்றோரை அழைத்துக்கொள்ளலாம். பிள்ளைக்கு ஏழு வயது ஆனதும் அந்தக் காரணம் தீர்ந்துவிடுகிறது. பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ளத் தாத்தா பாட்டி வரலாம், அவர்களை நாம் பார்த்துக்கொள்வதற்காக அவர்கள் வர முடியாது. நிரந்தர வசிப்புரிமை வாங்கி, கடனில் வீடும் வாங்கிவிட்ட நாற்பது வயதுக்காரர்கள், திருச்சியில் தனியாக இருக்கும் அம்மாவுக்காக எல்லாவற்றையும் விற்றுவிட்டுப் போகிறார்கள். ஓய்வூதிய ஆண்டுகளை இரு நாடுகளிலும் சேர்த்துக் கணக்கிட 2016 அக்டோபர் முதல் இந்தியாவுக்கும் ஜப்பானுக்கும் ஒப்பந்தம் இருக்கிறது. காப்பீட்டுச் செலவை மகனோ மகளோ ஏற்கும் நிபந்தனையோடு பெற்றோருக்கும் ஒரு வசிப்பு அனுமதியை வகுப்பது அதைவிடக் கடினமான வேலை இல்லை. அதை டெல்லி கேட்க வேண்டும், கேட்கச் சொல்லி அங்கே இருக்கும் நம் சங்கங்கள் தூதரகத்தை வற்புறுத்த வேண்டும்.